டிரிப்சின் அடங்காதபோது: தடுப்பான் சோதனைகளில் அறிகுறி வழியே காரணம் காணல்

கணையத்தின் டிரிப்சினைத் தடுப்பதற்காகச் சேர்த்த வேதிப்பொருள் பலன் தரவில்லை என்று தெரிந்தவுடன் பெரும்பாலான ஆய்வகங்களில் நடப்பது ஒன்றுதான்: அதே பொருள் இன்னும் இரண்டு மடங்கு சேர்க்கப்படுகிறது. சில வேளைகளில் அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் ஏன் பலித்தது என்று தெரியாததால், அடுத்த வாரம் அதே கோளாறு வேறு உருவில் வந்து நிற்கிறது. அளவைக் கூட்டுவதற்கு முன், அந்தத் தடுப்பான் டிரிப்சினின் எந்த இடத்தை, எவ்வகைப் பிணைப்பால் பற்றுகிறது என்று கேட்பதே முதற்படி என்பது என் உறுதியான கருத்து. பெங்களூருவின் கல்லூரிகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் முதுகலைத் திட்டப்பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அவர்களில் பலர் தமிழிலேயே சிந்தித்து ஐயம் கேட்கிறார்கள். விடையும் அவர்களுக்குத் தமிழில் கிடைக்க வேண்டும்.

டிரிப்சின் ஏறத்தாழ 23,300 டால்டன் எடையுள்ள, செரின் வகையைச் சேர்ந்த புரதச் சிதைப்பு நொதி. கைமோடிரிப்சின் என்னும் உறவு நொதியின் அமினோ அமில எண்வரிசைப்படி செரின் 195, ஹிஸ்டிடின் 57, ஆஸ்பார்டிக் அமிலம் 102 ஆகிய மூன்றும் சேர்ந்து பெப்டைடு பிணைப்பை அறுக்கின்றன. அவற்றை ஒட்டிய குழியின் அடியில் எதிர்மின்னூட்டத்துடன் இருக்கும் ஆஸ்பார்டிக் அமிலம் 189, லைசின், ஆர்ஜினின் ஆகியவற்றின் பக்கச்சங்கிலியை ஈர்த்துப் பிடிக்கிறது. டிரிப்சின் இவ்விரண்டின் பின்னால் மட்டும் வெட்டுவதற்கு அதுவே காரணம். பி.எம்.எஸ்.எஃப். என்று எல்லோரும் அழைக்கும் ஃபீனைல்மெத்தில்சல்ஃபோனில் ஃபுளோரைடு அந்தச் செரினோடு சகப்பிணைப்பால் இணைந்து நொதியை நிலையாக முடக்குகிறது. டி.எல்.சி.கே. என்னும் மற்றொரு தடுப்பான் தன் லைசின் பகுதியால் குழிக்குள் நுழைந்து ஹிஸ்டிடினைப் பற்றுகிறது. பென்சமிடின் எதையும் வேதிமாற்றம் செய்யாமல் குழியை அடைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறது. கரைசலை நீர்க்கச் செய்தால் எழுந்து போய்விடும். அப்ரோட்டினின், சோயா டிரிப்சின் தடுப்பான் போன்ற புரதங்கள் செயல்மையத்தின் வாய் முழுவதையும் மூடுகின்றன. ஆகவே முதல் இரண்டுக்கும் வினைபுரிய நேரம் வேண்டும். பென்சமிடின் கரைசலில் தொடர்ந்து இருக்க வேண்டும். புரதத் தடுப்பான்களோ மூலக்கூறுக்கு மூலக்கூறு கணக்கிட்டுச் சேர்க்கப்பட வேண்டும். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் விளைபவை.

எந்த அறிகுறியை ஆராய்வதற்கு முன்பும் நான்கு குழாய்களை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒன்றில் நொதியும் தளப்பொருளும் (நொதி வெட்டும் பொருள்) மட்டும் இருக்கட்டும். இரண்டாவதில் அவற்றோடு தடுப்பான் கரைந்திருந்த ஐசோபுரோப்பனாலோ டி.எம்.எஸ்.ஓ.வோ அதே அளவில் சேரட்டும். மூன்றாவதில் நொதி இல்லாமல் தடுப்பானும் தளப்பொருளும் இருக்கட்டும். நான்காவதில் எல்லாம் இருக்கட்டும். பாப்னா என்னும் தளப்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அது வெட்டுப்படும்போது வெளிவரும் பாரா-நைட்ரோஅனிலினின் மஞ்சள் நிறத்தை 410 நேனோமீட்டரில் அளக்கிறீர்கள். அங்கே அதன் மோலார் உறிஞ்சுதிறன் ஏறத்தாழ 8,800. இரண்டாவது குழாயிலேயே வேகம் குறைந்தால் நீங்கள் அளந்தது தடுப்பானின் விளைவை அல்ல, கரைப்பானின் விளைவை. இந்தக் குழாயை வைக்காமல் எழுதப்பட்ட முடிவை நான் ஏற்பதில்லை.

செயல்பாடு குறைகிறது, ஆனால் முழுவதும் நிற்கவில்லை

பி.எம்.எஸ்.எஃப். பயன்படுத்துவோர் மிக அதிகமாகக் கொண்டுவரும் குறை இதுதான். பொடி பழையது என்று பழியைப் புட்டியின் மேல் போடுவதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இந்தச் சேர்மம் தண்ணீரில் தானாகவே சிதைகிறது. 25 டிகிரி செல்சியஸில் அதன் அரைவாழ்வு பி.எச். 7.0-இல் ஏறத்தாழ 110 நிமிடம், 7.5-இல் 55 நிமிடம், 8.0-இல் 35 நிமிடம். காலை பத்து மணிக்குத் தாங்கல் கரைசலில் 1 மில்லிமோலார் அளவில் கலந்துவிட்டு, நண்பகலில் திசுவை அரைக்கத் தொடங்கினால், பி.எச். 8.0-இல் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. கரைசல் தெளிவாக, மணத்தில் மாற்றமின்றி இருக்கும். அதனுள் வேலை செய்யும் மூலக்கூறு மட்டும் இருக்காது.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது. பி.எம்.எஸ்.எஃப். எல்லாச் செரின் நொதிகளோடும் ஒரே வேகத்தில் வினைபுரிவதில்லை. 1963-இல் ஃபார்னியும் கோல்டும் அளந்து வெளியிட்டபடி, கைமோடிரிப்சினோடு அது வினைபுரியும் வேக மாறிலி ஒரு மோலாருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 14,900. டிரிப்சினோடு வெறும் 271. ஐம்பது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. இதை அரைவாழ்வோடு சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 1 மில்லிமோலார் இருக்கும்போது டிரிப்சினில் பாதி இரண்டரை நிமிடத்தில் முடங்கிவிடும். அரை மணி நேரத்தில் சொல்லத்தக்க மிச்சம் இராது. ஆனால் சிக்கனம் கருதி 0.1 மில்லிமோலார் மட்டும் சேர்த்தால், பாதி முடங்கவே இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் பி.எச். 8.0-இல் தடுப்பானில் பாதி நீரோடு வினைபுரிந்து அழிந்து போயிருக்கும். இந்தப் போட்டியின் முடிவில், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும், டிரிப்சினில் ஏறத்தாழ கால் பங்கு தப்பித்து நிற்கும். கைமோடிரிப்சினை வைத்து எழுதப்பட்ட செய்முறையைப் படித்து 0.1 மில்லிமோலார் போதும் என்று நம்பியவர்களுக்கு நேர்வது இதுவே.

எனவே மருந்தும் முறையும் இப்படி அமையட்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 17.4 மில்லிகிராம் வீதம், நீரற்ற ஐசோபுரோப்பனாலில் கரைத்தால் 100 மில்லிமோலார் இருப்புக் கரைசல் கிடைக்கும். அதைச் சிறு பகுதிகளாக மைனஸ் 20 டிகிரியில் வைத்து, செல்களையோ திசுவையோ உடைக்கும் அந்தக் கணத்தில் 1 மில்லிமோலார் அளவுக்குச் சேர்க்க வேண்டும். நீண்ட வேலையாக இருந்தால் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை மீண்டும் சேர்க்க வேண்டும். வேலை அனுமதிக்குமானால் பி.எச்.சை 7.0 முதல் 7.5 வரை வைப்பது நல்லது. தண்ணீரில் கரைந்து மேலும் சற்று நிலைத்து நிற்கும் ஏ.ஈ.பி.எஸ்.எஃப். ஒரு மாற்று, அதன் குறையைப் பின்னர் சொல்கிறேன்.

இங்கே எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பி.எம்.எஸ்.எஃப். கண்ணையும் மூச்சுக்குழாயையும் கடுமையாகத் தாக்கும் நச்சு. பொடியை நிறுக்கும்போது கையுறை, கண்ணாடி, காற்றுறிஞ்சும் பெட்டி ஆகிய மூன்றும் கட்டாயம். எஞ்சிய நீர்க்கரைசலின் பி.எச்.சை 8.6-க்கு மேல் உயர்த்திப் பல மணி நேரம் வைத்தால் அது சிதைந்துவிடும். அதன்பின் ஆய்வகக் கழிவு விதிப்படி அகற்றலாம். பழைய செய்முறைகளில் வரும் டி.எஃப்.பி. என்னும் ஃபுளோரோபாஸ்பேட்டு நரம்பைத் தாக்கும் கொடிய நஞ்சு. பாதுகாப்பான மாற்றுகள் இத்தனை இருக்கும் இக்காலத்தில் ஒரு மாணவரின் மேசைக்கு அது வர வேண்டிய தேவையே இல்லை.

சேர்த்தவுடன் வெண்ணிறத் துகள்கள் மிதக்கின்றன

குளிர்ந்த நீர்க்கரைசலில் பி.எம்.எஸ்.எஃப். படிகமாக வெளியேறுகிறது. கரைசலை நன்றாகக் கலக்கிக்கொண்டே துளித்துளியாகச் சேர்த்தால் இது பெரும்பாலும் நேராது. இருப்புக் கரைசலிலேயே உறைபெட்டியில் படிகம் தோன்றியிருந்தால், அதை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து முழுவதும் கரைந்த பின்னரே பிப்பெட்டில் எடுக்க வேண்டும். அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலே உள்ளதை எடுத்தால், எழுதிய அளவும் சேர்த்த அளவும் ஒன்றாக இராது.

குழாயில் நின்ற செயல்பாடு, அளவிடும்போது திரும்பி வருகிறது

திசுச்சாற்றில் பென்சமிடின் 1 மில்லிமோலார் சேர்த்திருக்கிறீர்கள். சாறு பல மணி நேரம் கெடாமல் இருந்தது. பிறகு அதில் 10 மைக்ரோலிட்டரை எடுத்து 1 மில்லிலிட்டர் பாப்னாக் கரைசலில் விட்டால் மஞ்சள் நிறம் விரைவாக ஏறுகிறது. தடுப்பான் கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வருகிறார்கள். அது கெடவில்லை. டிரிப்சினுக்குப் பென்சமிடினின் தடுப்பு மாறிலி (இது சிறிதாக இருக்குமளவு பிணைப்பு இறுக்கம்) ஏறத்தாழ 18 மைக்ரோமோலார். அது தளப்பொருளோடு போட்டியிடும் தடுப்பான். நூறு மடங்கு நீர்த்தபின் குழாயில் இருப்பது 10 மைக்ரோமோலார் மட்டுமே. தளப்பொருளும் அதன் மைக்கேலிஸ் மாறிலியும் (நொதி தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டும் தளப்பொருள் செறிவு) 1 மில்லிமோலார் அளவில் இருப்பதாகக் கொண்டால், நொதியின் வேகத்தில் நூற்றுக்கு 78 பங்கு திரும்பிவிடும். நீர்க்காமல் 1 மில்லிமோலாரிலேயே அளந்திருந்தால் 3 அல்லது 4 பங்குதான் தெரிந்திருக்கும். இரண்டு அளவீடும் உண்மையே. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

படலப் பிரித்தலுக்குப் பிறகும் ஜெல் வடிகட்டலுக்குப் பிறகும் இதேதான் நடக்கும். சிறு மூலக்கூறு வெளியேறிவிடும், டிரிப்சின் உள்ளேயே தங்கும். ஆகவே சுத்திகரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் பென்சமிடினைப் புதிதாகச் சேருங்கள்; அல்லது அந்தக் கட்டத்துக்கு முன் நிலையான தடுப்பானால் நொதியை முடித்துவிடுங்கள். டிரிப்சினையே நீக்குவதுதான் நோக்கம் என்றால், பென்சமிடினைப் பிணைத்த பிசின் நிரப்பிய பத்தியில் சாற்றைச் செலுத்துவது எல்லாவற்றிலும் தூய்மையான வழி. 280 நேனோமீட்டரில் புரத அளவு நம்பமுடியாத அளவுக்கு உயர்ந்து தெரிந்தால் அதற்கும் பென்சமிடினே காரணமாக இருக்கலாம். அதன் வளையம் புறஊதாக் கதிரை உறிஞ்சுகிறது. அதே பென்சமிடின் சேர்த்த வெற்றுத் தாங்கல் கரைசலை வைத்துச் சுழியமாக்குங்கள், அல்லது நிறமேற்றும் முறைக்கு மாறுங்கள்.

தடுப்பான் கலவைகளில் இன்னொரு பொறியும் இருக்கிறது. குழியில் பென்சமிடின் அமர்ந்திருக்கும்போது டி.எல்.சி.கே. உள்ளே நுழைய முடியாது. இரண்டையும் சேர்த்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று எண்ணத் தோன்றும். உண்மையில் முதலாவது இரண்டாவதன் வினையைத் தாமதப்படுத்தி நொதியைக் காக்கிறது. டி.எல்.சி.கே. முதலில், அதற்குரிய நேரம் கொடுத்தபின் பென்சமிடின் என்ற வரிசையே சரி.

பாதியளவு தடுக்கும் செறிவு ஒவ்வொரு முறையும் மாறுகிறது

அப்ரோட்டினின், சோயா தடுப்பான் ஆகியவற்றோடு வேலை செய்பவர்களை நீண்ட காலம் குழப்பும் அறிகுறி இது. திங்கட்கிழமை 10 நேனோமோலார், வியாழக்கிழமை 25 நேனோமோலார், மற்றோர் ஆய்வகத்தில் 60 நேனோமோலார். கைத்திறனில் குறை என்று மாணவரைக் கடிந்துகொள்வார்கள். பெரும்பாலும் குறை கையில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

மாட்டின் நுரையீரலிலிருந்து எடுக்கப்படும் அப்ரோட்டினின் 58 அமினோ அமிலங்களும் மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகளும் கொண்ட, ஏறத்தாழ 6,500 டால்டன் எடையுள்ள சிறு புரதம். குனிட்ஸும் நார்த்ராப்பும் 1936-இல் இதே புரதத்தைக் கணையத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். மாட்டு டிரிப்சினோடு அதன் பிரிகை மாறிலி 6 × 10⁻¹⁴ மோலார் அளவில் இருக்கிறது. இவ்வளவு இறுக்கமான பிணைப்பில், கரைசலில் சேர்த்த ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு டிரிப்சின் மூலக்கூற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தனித்து நிற்கும் தடுப்பான் என்று ஒன்று மிஞ்சாது. ஆகவே பாதியளவு தடுக்கும் செறிவு என்பது தடுப்பானின் ஆற்றலைச் சொல்வதில்லை. குழாயில் எவ்வளவு நொதி போட்டீர்கள் என்பதைத்தான் சொல்கிறது. 20 நேனோமோலார் டிரிப்சின் இருந்தால் அது 10 நேனோமோலாருக்குக் கீழே இறங்கவே முடியாது. நொதியை இரட்டிப்பாக்கினால் அதுவும் இரட்டிப்பாகும். இதைச் செங்–புருசாஃப் சமன்பாட்டில் இட்டுத் தடுப்பு மாறிலியைக் கணிப்பது தவறு. அந்தச் சமன்பாடு தடுப்பானின் பெரும்பகுதி தனித்து இருப்பதாகக் கொண்டே அமைந்தது. இங்கே வேண்டியது மாரிசனின் இருபடிச் சமன்பாடு.

சோதித்தறிவது எளிது. இரண்டு நொதிச் செறிவுகளில் அதே வளைவை வரையுங்கள். பாதியளவு தடுக்கும் செறிவு நொதியோடு சேர்ந்து நகர்ந்தால் நோய் இதுதான். மாறாமல் நின்றால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

இதனோடு காலமும் சேர்கிறது. அப்ரோட்டினின் டிரிப்சினோடு கூடும் வேக மாறிலி ஒரு மோலாருக்கு நொடிக்கு 10⁶ அளவில் இருப்பதால், 1 நேனோமோலார் தடுப்பானோடு கலந்தால் பாதி கூடுவதற்கே பதினொரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அளந்தவரும் ஒரு மணி நேரம் வைத்து அளந்தவரும் ஒரே விடையை எப்படிப் பெறுவார்கள்? முன்கூட்டிக் கலந்து வைக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே சென்று, விடை மாறாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த நேரத்தையே எப்போதும் பின்பற்றுங்கள்.

நொதியின் செறிவே சரியாகத் தெரியாமல் இருப்பது மூன்றாவது காரணம். நிறுத்துப் போட்ட பொடி முழுவதும் செயலுள்ள டிரிப்சின் அல்ல. அதில் ஈரமும் உப்பும், தன்னைத் தானே வெட்டிக்கொண்ட துண்டுகளும் உண்டு. சேஸும் ஷாவும் 1967-இல் விளக்கிய நைட்ரோஃபீனைல் குவானிடினோபென்சோயேட்டு முறையில், ஒவ்வொரு செயல்மையமும் ஒரே ஒரு நைட்ரோஃபீனாலை வெளியிடுகிறது. அந்த முதல் எழுச்சியை அளந்தால் உண்மையில் வேலை செய்யும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை கிடைக்கும். இருப்பு நொதியை 1 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளிரில் வையுங்கள்; அமிலச் சூழலில் அது தன்னைத் தானே தின்பதில்லை. வினைக் கரைசலில் கால்சியம் சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

திசுச்சாறு தயாரிப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தேவை. பொதுவாகச் சேர்க்கப்படும் ஒரு மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் அப்ரோட்டினின் என்பது 0.3 மைக்ரோமோலார், அதனால் அதிகம் போனால் 7 மைக்ரோகிராம் டிரிப்சினைத்தான் பிடிக்க முடியும். கல்லீரலுக்கும் மூளைத் திசுவுக்கும் அது தாராளம். கணையத்தை அரைப்பவருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

எவ்வளவு சேர்த்தாலும் அசைவே இல்லை

புதிய பி.எம்.எஸ்.எஃப்., சரியான நேரம், சரியான பி.எச். எல்லாம் இருந்தும் செயல்பாடு குறையவில்லை என்றால், நீங்கள் அளப்பது டிரிப்சின்தானா என்று கேளுங்கள். உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. சேர்த்ததும் நின்றால் உலோகம் தேவைப்படும் நொதி. ஈ-64 என்னும் தடுப்பான் சேர்த்ததும் நின்றால் சிஸ்டெயின் வகை நொதி. புரதத்தைப் பிரித்தெடுக்க நிக்கல் பத்திக்குச் செல்லவிருக்கும் சாற்றில் ஈ.டி.டி.ஏ. சேர்க்க வேண்டாம், அது நிக்கலைப் பிடுங்கிவிடும். சோதனைக்காகத் தனியே ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

டி.எல்.சி.கே. பலிக்காததற்குத் தனிக் காரணங்கள் உண்டு. அது பி.எச். 6-க்குக் கீழே நிலைத்து நிற்கும், 7.5-க்கு மேல் விரைவில் சிதையும். அமிலத்தன்மையுள்ள நீரில் கரைத்து, அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும். தாங்கல் கரைசலில் டைதயோதிரெய்டாலோ மெர்காப்டோஎத்தனாலோ இருந்தால், டிரிப்சினை அடைவதற்கு முன்பே அவை தடுப்பானைத் தின்றுவிடும். கைமோடிரிப்சினுக்கு டி.எல்.சி.கே.யும், டிரிப்சினுக்குக் கைமோடிரிப்சினின் தடுப்பானான டி.பி.சி.கே.யும் மாறிச் சேர்க்கப்படுவதும் நான் காணும் தவறுதான். டி.பி.சி.கே. ஃபீனைல்அலனின் வழி வந்தது. டிரிப்சினின் குழி அதை ஏற்காது. இரண்டு புட்டிகளும் ஒரே அடுக்கில், ஒரே எழுத்துகளோடு நிற்கும். பெயரின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள்.

மாட்டு டிரிப்சினில் பலித்தது மனித டிரிப்சினில் பலிக்கவில்லை என்றால் அதுவும் இயற்கையே. கோழிமுட்டையின் வெள்ளைக்கருவிலுள்ள ஓவோமியூகாய்டு மாட்டின் டிரிப்சினைத் தடுக்கும், மனிதருடையதைத் தடுக்காது. மனிதரின் டிரிப்சின் வகைகளில் ஒன்றான மீசோடிரிப்சினிலோ பொதுவாகக் கிளைசின் இருக்கும் 193-ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருப்பதால், அது புரதத் தடுப்பான்கள் பலவற்றுக்கு அடங்காமல் நிற்கிறது.

சிறு தளப்பொருள் வெட்டுப்படுகிறது, புரதம் வெட்டுப்படவில்லை

குருதிநீர் கலந்த மாதிரிகளில் இதைக் கண்டால் மலைக்க வேண்டாம். பாப்னாவில் டிரிப்சின் முழு உற்சாகத்தோடு வேலை செய்யும். பால் புரதமான கேசினைத் தந்தால் தொடாது. சோயா தடுப்பானைச் சேர்த்தாலும் பாப்னாச் செயல்பாடு குறையாது. குருதியிலுள்ள ஆல்ஃபா-2-மேக்ரோகுளோபுலின், ஏறத்தாழ 7,20,000 டால்டன் எடையுள்ள பெரும் புரதம், டிரிப்சினைத் தன் வயிற்றுக்குள் சிறைப்பிடித்திருக்கிறது. செயல்மையம் திறந்தே இருப்பதால் பாப்னா போன்ற சிறு மூலக்கூறு உள்ளே போய் வெட்டுப்படுகிறது. கேசினும் சோயா தடுப்பானும் பெரியவை; சிறைக்குள் நுழைய முடியாது. பி.எம்.எஸ்.எஃப். சிறியது, நுழையும். ஆகவே சோயா தடுப்பான் பலிக்காமல் பி.எம்.எஸ்.எஃப். பலிக்கும் மாதிரியில் முதலில் இந்தப் புரதத்தை நினையுங்கள். பாப்னாவை மட்டும் நம்பி, குருதிநீரில் டிரிப்சின் தடுக்கப்படவில்லை என்று எழுதிவிட வேண்டாம்.

தடுப்பான் அடுத்த கட்டத்தைக் கெடுக்கிறது

நிறைநிறமாலைக்குப் புரதத்தைத் துண்டாக்கும்போது டிரிப்சின் வேலை செய்யவில்லை என்றால், திசுவை உடைக்கும்போது சேர்த்த தடுப்பானின் மிச்சமே பெரும்பாலும் காரணம். பென்சமிடினும், லியூபெப்டின் என்னும் பெப்டைடு தடுப்பானும் சிறியவை, மீளக்கூடியவை. புரதத்தை அசிட்டோனில் வீழ்படிவாக்கிக் கழுவினால் போய்விடும். அப்ரோட்டினின் புரதமாகையால் வீழ்படிவோடு தானும் விழும். யூரியா போன்ற இயல்பிழக்கச் செய்யும் பொருளோடு 10,000 டால்டன் வடிகட்டியில் கழுவினால் அது கீழே இறங்கிவிடும். சோயா தடுப்பான் 20,000 டால்டன். அந்த வடிகட்டியில் அது போகாது. பின்னால் டிரிப்சின் தேவைப்படும் மாதிரியில் அதைச் சேர்க்காமல் இருப்பதே வழி.

புரதத்தின் எடை 183 டால்டன் கூடித் தெரிந்தால் ஏ.ஈ.பி.எஸ்.எஃப்.பையும், 154 கூடினால் பி.எம்.எஸ்.எஃப்.பையும் ஐயுறுங்கள். முன்னது டைரோசின், லைசின் முதலியவற்றிலும் ஒட்டிக்கொள்வதே நான் மேலே சொன்ன குறை. டைரோசின், ஃபீனைல்அலனின் ஆகியவற்றின் பின்னால் வெட்டுகள் தென்பட்டால் அது டிரிப்சினின் வேலையல்ல, அதில் கலந்திருக்கும் கைமோடிரிப்சினின் வேலை, டி.பி.சி.கே.யால் பதப்படுத்திய டிரிப்சினை வாங்குங்கள்.

செல் வளர்ப்பில், குருதிநீர் கொண்ட ஊடகமே டிரிப்சினை அடக்கிவிடும். குருதிநீரற்ற ஊடகத்தில் அந்த உதவி கிடையாது. செல்கள் தட்டில் ஒட்டாமல் உருண்டு மிதந்தால் சோயா தடுப்பானைச் சேர்த்து, சுழற்றி, கழுவிவிட்டு விதையுங்கள்.

ஒரே சோதனை, நாளுக்கொரு விடை

பெங்களூருவின் இதமான வானிலையை நம்பி, அறை வெப்பநிலையில் என்று எழுதிவிட்டு நீர்த்தொட்டியைப் பயன்படுத்தாமல் இருப்பது இங்கே பரவலான வழக்கம். சனவரிக் காலையின் 16 டிகிரியும் ஏப்ரல் பிற்பகலின் 33 டிகிரியும் நொதிக்கு ஒன்றல்ல, பி.எம்.எஸ்.எஃப். சிதைவதற்கும் ஒன்றல்ல. டிரிஸ் தாங்கல் கரைசலோ வெப்பம் ஒரு டிகிரி குறைய ஏறத்தாழ 0.028 பி.எச். ஏறும், 25 டிகிரியில் 8.0 என்று வைத்தது பனிக்கட்டியின் மேல் 8.6-ஐத் தாண்டும். வேலை நடக்கும் வெப்பநிலையிலேயே பி.எச்.சைச் சரிசெய்யுங்கள். கோடை மின்தடையில் உறைபெட்டி உருகி மீண்டும் உறைந்திருந்தால், அப்ரோட்டினின், டி.எல்.சி.கே. இருப்புகளை நான்கு குழாய்ச் சோதனைக்கு உட்படுத்தாமல் பயன்படுத்த வேண்டாம்.

வேகவைத்த விதையிலும் தடுப்பு மீதமிருக்கிறது

மார்கழி, தை மாதங்களில் நகரமெங்கும் அவரைக்காய் குவியும்போது, அவரை, மொச்சை, கொள்ளு, சோயா ஆகியவற்றின் டிரிப்சின் தடுப்பைத் திட்டப்பணிக்கு எடுக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். வேகவைத்த மாதிரியிலும் தடுப்பு தெரிகிறதே என்ற ஐயத்துக்கு மூன்று விடைகள் உண்டு. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. சென்னையில் எழுதப்பட்ட செய்முறையின் நேரம் இங்கே போதாமல் போகலாம். அழுத்தக் கொதிகலனில் 15 பவுண்டு அழுத்தம் காட்டினாலும் உள்ளே 119 டிகிரி அளவில்தான் இருக்கும். அடுத்து, சோயாவின் குனிட்ஸ் தடுப்பான் வெப்பத்தில் எளிதில் அழியும். ஆனால் 71 அமினோ அமிலங்களில் ஏழு டைசல்ஃபைடு பிணைப்புகளைக் கொண்ட பௌமன்–பிர்க் தடுப்பான் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். இது டிரிப்சினையும் கைமோடிரிப்சினையும் ஒருசேரத் தடுப்பதால், இரண்டு நொதிகளிலும் அளந்தால் மிஞ்சியது எது என்று ஓரளவு பிரித்தறியலாம்.

மூன்றாவது, மிஞ்சியது தடுப்பானாகவே இல்லாமல் இருக்கலாம். விதைத்தோலின் டானின்கள் டிரிப்சினைப் பொதுப்படையாகப் பற்றிப் படியச்செய்யும். தோலை நீக்கி அரைத்த மாதிரியை அருகில் வையுங்கள். டானினைப் பற்றி நீக்கும் பாலிவினைல்பாலிபிரோலிடோன் சேர்த்துச் சாறெடுத்ததும் தடுப்பு பெருமளவு குறைந்தால் அது டானின். சாற்றின் சொந்த நிறமும் கலங்கலும் 410 நேனோமீட்டரில் தெரியும் என்பதால், ஒவ்வொரு நீர்த்தலுக்கும் தனித்தனி வெற்றுக் குழாய் வேண்டும். அதில் அசிட்டிக் அமிலத்தை முதலிலும் டிரிப்சினைக் கடைசியிலும் சேர்க்க வேண்டும். விதைகளின் டிரிப்சின் தடுப்பை அளக்கும் காகடேயின் முறைப்படி, டிரிப்சினில் நூற்றுக்கு 40 முதல் 60 பங்கு வரை தடுக்கும் நீர்த்தல்களை மட்டுமே கணக்கில் எடுங்கள். 90 பங்கு தடுத்த குழாயின் எண்ணை வைத்து, வேகவைத்ததற்கும் பச்சைக்கும் இடையிலான வேறுபாட்டைக் கணக்கிட முடியாது. சாற்றை மேலும் நீர்த்து அந்த அளவீட்டை மீண்டும் செய்யுங்கள்.